மூக்குக்குப் பசை: எதோடு ஒப்பிட்டார்கள்?

போன மாதக் கடைசியில் என் மச்சினன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஆஸ்பத்திரி எஸ்டிமேட். மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யும் ஆபரேஷன், அதாவது செப்டோபிளாஸ்டி. ரூம் வாடகை, மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் சார்ஜ் எல்லாம் வழக்கம்போல. கீழே ஒரு வரிக்கு மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்: "டிஷ்யூ க்ளூ". பக்கத்தில் சில ஆயிரங்களில் ஒரு தொகை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, நீங்கதான் கண்டதையும் படிக்கிற ஆளு. இது நெஜமாவே வேணுமா, இல்ல சும்மா பில்லை ஏத்துறாங்களா?" பின்னாலிருந்து மாமியார் குரல்: "என்னடா அது, ஃபெவிக்விக் மாதிரியா?"

மாமியார் கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அதற்கும் பிறகு வருகிறேன்.

வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பது பொழுதுபோக்கு. அதனால் இந்தப் பதிவில் நான் விமர்சிப்பது டாக்டர்களின் கைத்திறனை அல்ல, அவர்கள் எழுதிய கட்டுரைகளின் வாதத்தை. அதற்கு ஓரளவு எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். மூக்கின் நடுச்சுவரை மூன்று அடுக்கு சாண்ட்விச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குருத்தெலும்பு (பின்பக்கம் போகப் போக எலும்பு), இரண்டு பக்கமும் சளிச்சவ்வு. ஆபரேஷனில் சவ்வை இரு பக்கமும் உரித்து விலக்குகிறார்கள். வளைந்த பகுதியை வெட்டியோ நிமிர்த்தியோ சரிசெய்கிறார்கள். சவ்வை மறுபடி மூடுகிறார்கள். மூடினாலும் உள்ளே ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. அதில் ரத்தம் தேங்கினால்தான் வினை. குருத்தெலும்புக்கு சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் உறையிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடுவில் ரத்தக்கட்டு வந்து உறையைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். சீழ் பிடித்தால் கரைந்தே போகலாம். அப்புறம் மூக்குத்தண்டு நடுவில் குதிரைச் சேணம் மாதிரி அமுங்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சின்ன விஷயம் இல்லை.

ஆக, முதல் சில நாட்களுக்கு அந்த இரண்டு சவ்வையும் நடுச்சுவரோடு அழுத்தி வைத்திருக்க வேண்டும். பழைய வழி பேக்கிங். இரண்டு மூக்கிலும் மருந்து தடவிய துணிநாடாவையோ, ஈரம் பட்டால் உப்பும் பஞ்சுக்கட்டையையோ திணித்து விடுவது. எனக்கும் இதே ஆபரேஷன் 2009-ல் நடந்தது. ஆபரேஷன் நினைவில் இல்லை. பேக்கிங் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு நாள் வாயால் மூச்சு, தொண்டை பாலைவனம், எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். மூன்றாம் நாள் அதை உருவினார்கள் பாருங்கள், மூளையையே பிடித்து இழுக்கிறார்களோ என்று இருந்தது. இவ்வளவுதானா என்று பார்த்தால், இன்னொரு பக்கம் பாக்கி.

இந்தப் பேக்கிங்குக்குப் பதிலாகத்தான் பசை வருகிறது. பெரும்பாலும் ஃபைப்ரின் க்ளூ. இரண்டு சிரிஞ்சுகள், ஒன்றில் மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஃபைப்ரினோஜன், இன்னொன்றில் த்ராம்பின். முனையில் இரண்டும் கலக்கும்போது த்ராம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் ஆக்குகிறது, இழைகள் பின்னிக்கொள்கின்றன. வெட்டுக்காயத்தில் ரத்தம் உறையும்போது கடைசிப் படியில் நடப்பதும் இதுவேதான். உடம்பு அந்தப் படிக்கு வந்து சேர்வதற்குள் நாமே அதை வெளியிலிருந்து செய்துவிடுகிறோம். நோயாளியின் தட்டணுக்களோ உறைதல் காரணிகளோ குறைவாக இருந்தாலும் இது வேலை செய்யும் என்பது இதன் பெரிய பலம். கொஞ்ச நாளில் உடம்பே கரைத்துவிடும், உருவ வேண்டியதில்லை. யோசனையாகப் பார்த்தால் அழகான யோசனை. அதில் எனக்கு சண்டையே இல்லை.

சண்டை இனிமேல்தான்.

மூக்கின் நடுச்சுவரில் ஃபைப்ரின் க்ளூ பற்றி நான் பார்த்த பழைய கட்டுரைகளில் ஒன்று ஹேவர்ட், மக்கே இருவரும் 1987-ல் எழுதியது. 2003-ல் டானெஷ்ராட், சின், ரைஸ் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், நடுச்சுவர் அறுவையின் சிக்கல்களை ஃபைப்ரின் க்ளூ தடுக்கிறது, 100 நோயாளிகளின் தொடரில் கண்டவை என்று வரும். தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். முதல் பாதி "தடுக்கிறது" என்கிறது. இரண்டாம் பாதி "100 பேர் தொடர்" என்கிறது. இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

ஒன்று தடுக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால், அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தொடர் என்றால் ஒரே வைத்தியத்தைப் பலருக்குச் செய்து என்ன ஆயிற்று என்று எழுதிவைப்பது. அதில் இல்லாததை நம் தலைக்குள் நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

சரி, வாதத்துக்காக 100 பேரில் ஒருவருக்குக்கூட ரத்தக்கட்டு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அபாயம் பூஜ்யமா? 1983-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஹான்லி, லிப்மன்-ஹாண்ட் என்ற இருவர் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: எதுவும் தப்பாகப் போகவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா? அவர்கள் பிரபலப்படுத்திய மனக்கணக்கு ரொம்ப எளிது. n பேரில் பூஜ்யம் சம்பவம் என்றால், உண்மையான அபாயம் 3/n வரை இருக்கக்கூடும், 95 சதவீத நம்பிக்கையோடு. 100 பேர் என்றால் 3 சதவீதம் வரை. அதாவது, பசையே போடாமல் சும்மா தைத்துவிட்டாலே ரத்தக்கட்டு 1 சதவீதம் பேருக்குத்தான் வருகிறது என்றால், 100 பேரை ஆபரேஷன் செய்து ஒருவருக்கும் வராமல் போவதற்கான வாய்ப்பு 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 37 சதவீதம். பசையின் உதவி இல்லாமலே!

ஆபீஸில் ஜூனியர் பசங்க "சார், நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன், பக் வரலை, சரியாயிடுச்சு" என்று சொல்வார்கள். பக் சரிசெய்யும் முன்னால் எத்தனை தடவைக்கு ஒரு தடவை வந்தது என்று கேட்பேன். முகத்தைப் பார்ப்பார்கள்.

இன்னும் ஒரு கணக்கு. 2 சதவீத ரத்தக்கட்டு 1 சதவீதமாகப் பாதியாகிறதா என்று ஒழுங்காகச் சோதிக்க எத்தனை பேர் வேண்டும்? வழக்கமான அளவுகோலில் (80 சதவீதத் திறன்) ஒவ்வொரு குழுவுக்கும் கிட்டத்தட்ட 2,300 பேர். இரண்டு குழுவுக்கும் சேர்த்து 4,600. எந்த ஈஎன்டி டிபார்ட்மென்டும் பசைக்காக அவ்வளவு பெரிய பரிசோதனை நடத்தப்போவதில்லை. அதனால் அபூர்வமான, ஆனால் உண்மையில் முக்கியமான சிக்கலைச் சோதிக்க முடியாமல், அடிக்கடி நடப்பதை அளக்கிறார்கள்: முதல் வார வலி, ரத்தக்கசிவு, மூக்கடைப்பு, தியேட்டரில் எத்தனை நிமிஷம். இது தப்பில்லை. ஆனால் இதை அளந்துவிட்டு முடிவுரையில் "சிக்கல்களைத் தடுக்கிறது" என்று எழுதும்போதுதான் உறுத்துகிறது.

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். தலைப்பில் கேட்டதுதான்: எதோடு ஒப்பிட்டார்கள்?

ஒப்பீடு வைத்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் எதிராளி பேக்கிங். பேக்கிங் போட்டவரிடமும் பசை போட்டவரிடமும் வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் கேட்டால் யார் ஜெயிப்பார்? 2009-ல் என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். மூக்கில் எதையுமே வைக்காதவர், மூக்கில் கட்டைவிரல் மொத்தத்துக்குப் பஞ்சு வைத்தவரை விட சுகமாக இருப்பார் என்று கண்டுபிடிக்க மனித பிளாஸ்மா தேவையில்லை. அதிலும் "உருவும்போது வலி" என்று ஒரு அளவீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். பசைக்கு உருவல் என்ற நிகழ்ச்சியே இல்லை. ஓட்டப்பந்தயத்தில் ஒருவருக்கு மட்டும் தடை வைத்துவிட்டு நேரம் எடுப்பது மாதிரி. யாருக்கு எது போட்டோம் என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கவும் வழியில்லை. மூக்கில் பஞ்சு இருப்பது அவருக்குத் தெரியாதா?

உண்மையான எதிராளி வேறொருவர். குறுக்குத் தையல். கரையும் நூலை ஊசியில் கோர்த்து, நடுச்சுவரின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று ரஜாய் தைப்பது போலத் தைத்துவிடுவது. இரண்டு சவ்வும் நடுவில் ஒட்டிக்கொள்ளும், இடைவெளி மூடிவிடும், தையல்களுக்கு நடுவே கசியும் ரத்தம் வெளியே வர வழியும் இருக்கும். உருவ எதுவும் இல்லை. நூல் தானே கரையும். செலவு ஒரு நூல் பாக்கெட், கூடுதலாகச் சில நிமிஷம். பேக்கிங்கை இதோடு ஒப்பிட்டு ஆய்வுகளும், அவற்றைத் தொகுத்த அலசல்களும் 2012, 2013 வாக்கிலேயே வந்துவிட்டன. தையலில் வலி குறைவு. ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு விஷயத்தில் பேக்கிங் கூடுதலாக எதையும் காப்பாற்றிக் கொடுக்கவில்லை என்பதுதான் அவற்றின் திசை.

அப்படியானால் பசையின் வெற்றி என்று நாம் படித்ததில் எவ்வளவு பசையின் வெற்றி, எவ்வளவு பேக்கிங் இல்லாததன் வெற்றி? பசை எதிர் பேக்கிங் ஆய்வுகளை எத்தனை அடுக்கினாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. புது டேட்டாபேஸ் விற்க வருகிறவர்கள் இன்டெக்ஸே போடாத பழைய டேபிளோடு ஒப்பிட்டு 40 மடங்கு வேகம் என்று ஸ்லைடு காட்டுவார்கள். இன்டெக்ஸ் போட்டுவிட்டு ஒப்பிடுங்க சார் என்றால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

அடுத்தது, "ஃபைப்ரின் க்ளூ" என்ற பெயரே ஒரு சிக்கல். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சுவாரஸ்யமானது. 1909-ல் பெர்கல் ஃபைப்ரின் பொடியை ரத்தம் நிறுத்தப் பயன்படுத்தினார். 1940-ல் யங், மெடவார் இருவரும் அறுந்த நரம்புகளை விலங்குகளில் ஒட்ட முயன்றார்கள் (ஆமாம், பிறகு நோபல் வாங்கிய அதே பீட்டர் மெடவார்). 1972-ல் மாட்ராஸ் குழுவினர் செறிவூட்டிய ஃபைப்ரினோஜனைக் கொண்டு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் கடைச் சரக்காகவே வந்தது. அமெரிக்காவில் கதை வேறு. பலரிடமிருந்து சேர்த்த பிளாஸ்மாவில் மஞ்சள் காமாலைக் கிருமி வரும் அபாயம் என்று 1977-ல் எஃப்.டி.ஏ. ஃபைப்ரினோஜன் தயாரிப்புகளின் உரிமத்தை ரத்து செய்தது. 1998-ல்தான் டிஸ்ஸீல் அங்கே அனுமதி பெற்றது. நடுவில் இருந்த இருபது வருஷமும் அமெரிக்க டாக்டர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்தோ ரத்தவங்கியிலிருந்தோ ஃபைப்ரினோஜன் எடுத்து, மாட்டு த்ராம்பினைச் சேர்த்துத் தாங்களே பசை காய்ச்சினார்கள். மாட்டு த்ராம்பினுக்குச் சிலர் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, அது அவர்களுடைய சொந்த உறைதல் காரணியையே தாக்கிய சம்பவங்களும் உண்டு. ரத்தம் நிறுத்தப் போட்ட பசையால் ரத்தம் நிற்காமல் போவது!

ஆக 1980-களின் ஃபைப்ரின் க்ளூவும் 2000-களின் ஃபைப்ரின் க்ளூவும் ஒரே பொருள் இல்லை. செறிவு வேறு, ஒட்டும் பலம் வேறு, ஆபத்தும் வேறு. ஆனால் அறிமுகப் பத்தியில் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே மூச்சில் அடுக்கி, "ஃபைப்ரின் க்ளூ பல பத்தாண்டுகளாகப் பாதுகாப்பாகப் பயன்படுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். வெர்ஷன் நம்பர் இல்லாமல் பக் ரிப்போர்ட் எழுதினால் எங்கள் ஆபீஸில் திருப்பி அனுப்புவோம்.

எவ்வளவு போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதும் முக்கியம். மெல்லிய படலமாகப் போட வேண்டும் என்று டிஸ்ஸீலின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. தடிமனாகப் போனால் காயம் ஆறுவதையே கெடுக்கலாம். யோசித்தால் நியாயம்தானே. சவ்வையும் குருத்தெலும்பையும் ஒட்டவைக்கத்தான் பசை. நடுவில் தடியான ஜெல்லி இருந்தால் அதுவும் ஒரு ரத்தக்கட்டு மாதிரிதான். காற்றழுத்தத்தில் தெளிக்கும் கருவிகளால் ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்து உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது, அதனால் அழுத்தம், தூரம் பற்றி அமெரிக்காவும் ஐரோப்பாவும் எச்சரிக்கை விட்டன. மூக்கில் சொட்டாக விடுவதற்கு இது நேரடியாகப் பொருந்தாது, ஆனாலும் "உடம்பில் இருப்பதுதானே, என்ன ஆகிவிடும்" என்ற பேச்சுக்கு இது பதில்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது பக்கத்து வீட்டு ஆய்வு ஒன்று. நடுச்சுவர் இல்லை, சைனஸ் ஆபரேஷன்; பசை இல்லை, ஆனால் அதே த்ராம்பின் குடும்பம். 2003-ல் சந்திரா, கான்லி, கெர்ன் மூவரும் 20 பேரில் ஒரு பக்கம் ஃப்ளோசீல் என்ற ஜெலட்டின்-த்ராம்பின் கலவையையும், மறுபக்கம் த்ராம்பினில் நனைத்த ஜெலட்டின் பஞ்சையும் வைத்தார்கள். ரத்தம் நிறுத்துவதில் ஃப்ளோசீல் நல்ல பெயர் எடுத்த சரக்கு. ஆனால் ஆறிய பிறகு பார்த்தால் அந்தப் பக்கத்தில்தான் தசை ஒட்டல்களும் வடுவும் அதிகம். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் வடிவம்: ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே டாக்டர், இரண்டு பக்கம். நடுச்சுவர் விஷயத்தில் இந்த அழகான வடிவம் கைகொடுக்காது. சுவர் ஒன்றுதான். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் தையல் என்று பிரித்தால் தையல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தானே பிடிக்கும்?

ரத்தம் நிற்பதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல என்பதை அந்த 20 பேர் காட்டிவிட்டார்கள். பசைக் கட்டுரைகளில் "குணமடைதல்" என்ற ஒரே சொல், முதல் நாள் கசிவுக்கும் ஏழாம் நாள் வலிக்கும் ஆறாம் மாத மூச்சுக்கும் சேர்த்து உழைக்கிறது. பாவம், அதற்கும் ஓய்வு வேண்டும். என் மச்சினனுக்கு வேண்டியது மூச்சு. ராத்திரி வாய் திறக்காமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நோயாளியிடமே கேட்டு மார்க் போடும் படிவங்கள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பிரிட்டனில் 378 பேரை வைத்து நடந்த நாய்ரோஸ் என்ற பரிசோதனை (2023-ல் வெளியானது) இந்த ஆபரேஷனையே மூக்கு ஸ்ப்ரேயோடு ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து, தொந்தரவு மார்க் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சராசரியாக 20 புள்ளி குறைவு. 9 புள்ளி குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பார்கள், அதைவிட இரண்டு மடங்கு. அதற்கு முன் 2019-ல் நெதர்லாந்தில் 203 பேரை வைத்து ஒன்று. அதாவது, ஆபரேஷன் உதவுகிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கே இவ்வளவு பெரிய, நேர்மையான பதில் இப்போதுதான் வந்திருக்கிறது. 1987-லிருந்து நாம் பசை பேசிக்கொண்டிருக்கிறோம்! அஸ்திவாரத்துக்கு முன்னால் டிஸ்டெம்பர் கலர் பார்த்த கதை.

மாமியார் கேள்வி பாக்கி இருக்கிறது. ஃபெவிக்விக் வகையறாவும் மருத்துவத்தில் உண்டு, வேறு உறவுமுறையில். சயனோஅக்ரிலேட். 1942-ல் கோடாக்கில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்கு பிளாஸ்டிக் தேடும்போது கைக்கு வந்து, எல்லாவற்றிலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவைத்தது. கடையில் விற்கும் குட்டைச் சங்கிலி வகை உடம்பில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு விடும். ஆஸ்பத்திரியில் பயன்படுவது நீளச் சங்கிலி வகை. மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றும் ஆபரேஷனில் கீழே தோலில் போடும் வெட்டை மூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் டெர்மாபாண்டின் குறிப்பேடு சளிச்சவ்வில் போடக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதனால் மாமியாரே, இது அது இல்லை.

பசைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர், ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதவர் என்றால் கணக்கே வேறு. சவ்வு உரிக்கும்போது கிழிந்துபோய், ஊசி போட்டால் இன்னும் கிழியும் நிலை. கை நுழையாத பின்பகுதி. மூளைநீர் கசிவை மூடும் ஆபரேஷன். அங்கெல்லாம் பசை துணைக்கு நிற்பது புரிகிறது. எல்லோருக்கும் எஸ்டிமேட்டிலேயே அச்சடித்து வரும்போதுதான் எனக்குக் கேள்வி வருகிறது.

மச்சினனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, கேட்டால் ஓடிவிடுவான். டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "பசை போடலைன்னா என்ன செய்வீங்க, பேக்கிங்கா, தையலா?" பேக்கிங் என்றால் பசைக்குப் பணம் கொடுத்துவிடு, 2009 எனக்கு மறக்கவில்லை. தையல் என்றால் பசை எதற்குக் கூடுதலாக என்று கேள்.

நேற்று கேட்டிருக்கிறான். டாக்டர் கோபப்படவில்லை, ரெண்டு நிமிஷம் படம் வரைந்தே காட்டினாராம். வழக்கமாகத் தையல்தான் போடுவாராம். சவ்வு பெரிதாகக் கிழிந்தால் மட்டும் பசையைத் திறப்பாராம். அவசரத்துக்கு ஓடக்கூடாது என்று பில்லிங்கில் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார்களாம். திறக்காவிட்டால் கழித்துவிடுவோம் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அட்மிஷன்.